பந்தயத்துக்கு முந்தைய மாதங்கள்: விளையாட்டு வீரரின் மனப்பாங்கோடு தொழில் நடத்தும் முறை

தொழில் செய்பவர்களுக்கு விளையாட்டு வீரர்களை முன்மாதிரியாகக் காட்டிப் பேசுபவர்கள் விடாமுயற்சி, வெற்றி வேட்கை, தோல்வியில் துவளாமை ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவை நல்ல குணங்கள்தாம். ஆனால் அவற்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் ஒரு மண்டிக்காரரோ, ஓசூரில் நான்கு இயந்திரங்களை வைத்து, பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் செய்பவரோ, மறுநாள் காலையில் எதை மாற்றிச் செய்வது என்று விளங்காமல்தான் நிற்கிறார். வீரர்களின் அன்றாடத்தை உற்றுப் பார்த்தால், நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறிடத்தில் இருப்பது தெரியும். உயரம் தாண்டும் வீரர் ஒரு போட்டியில் ஓடி வந்து தாண்டுவது சில முறைகள்தாம். அந்தச் சில முறைகளுக்காக அவர் ஆண்டின் பெரும்பகுதியைப் பயிற்சியில் செலவிடுகிறார். எப்போது பயிற்சி, எப்போது போட்டி, எப்போது ஓய்வு என்பதை அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. நம்முடைய தொழில்களில் இந்தப் பிரிவினையே கிடையாது. கடை திறந்தது முதல் சாத்தும் வரை போட்டிதான். புதிதாக வேலைக்கு வரும் ஆள்கூட வாடிக்கையாளரின் பொருளில்தான் கை பழகுகிறார்.

இந்தப் பிரிவினையைக் கொண்டுவருவதே முதல் வேலை. மற்றவை அதன் பின்னால் வருபவை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அதற்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. மா, புளி, தக்காளி, ரோஜா, பட்டுக்கூடு என்று இங்குள்ள வணிகத்தில் பெரும்பங்கு பருவத்தைச் சார்ந்தே நடக்கிறது. எனவே எந்த மாதங்கள் களத்துக்கு உரியவை, எந்த மாதங்கள் பயிற்சிக்கு உரியவை என்று பிரிப்பதற்கு நாட்காட்டியே துணை நிற்கிறது.

ஆண்டைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

தடகளப் பயிற்சியாளர்கள் ஆண்டுத் திட்டத்தை ஜனவரியிலிருந்து எழுதத் தொடங்குவதில்லை. முதன்மைப் போட்டியின் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து, போட்டிக்கு முந்தைய தளர்வு, அதற்கு முன் தீவிரப் பயிற்சி, அதற்கும் முன் அடித்தளப் பயிற்சி என்று காலத்தைப் பகுக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தின் லெவ் மத்வேயெவ் 1960-களில் முறைப்படுத்திய இந்த வழியை, ஓசூர், தளிப் பகுதியின் ரோஜா விவசாயிகள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே கையாளுகிறார்கள். காதலர் தினமான பிப்ரவரி 14-க்கான பூ ஜனவரி இறுதியிலிருந்து வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் புறப்பட்டாக வேண்டும். கவாத்து செய்த, அதாவது கிளைகளை நறுக்கிவிட்ட செடி மீண்டும் பூ வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு வாரம் பிடிக்கும். ஆகவே டிசம்பர் நடுப்பகுதியில் எந்தப் பாத்தியை எந்த நாளில் கவாத்து செய்வது என்று கணக்கிட்டு, அந்த ஆண்டுக் குளிரின் கடுமையைப் பார்த்து இரண்டு மூன்று நாள் முன்பின்னாக நகர்த்திக்கொள்கிறார்கள். ஒரு வாரம் தவறினால் பூ அதே தரத்தில்தான் மலரும், ஆனால் சாதாரண நாளின் விலைக்குப் போகும். செடி உச்சத்தை அடையும் நாளும் சந்தை உச்சத்தை அடையும் நாளும் ஒன்றாக அமைவதில்தான் அவர்களுடைய ஆண்டு வருமானம் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை மற்றத் தொழில்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். மாங்கூழ் ஆலைகளுக்கான கிளிமூக்கு மாம்பழம், அதாவது பெங்களூரா, ஜூன், ஜூலை மாதங்களில்தான் பெருமளவில் வருகிறது. அந்த இரு மாதங்களைப் போட்டியாகக் கொண்டால், மே இறுதியில் சிறிய அளவுப் பழத்தில் ஒரு சோதனை ஓட்டம் நடந்திருக்க வேண்டும். ஏப்ரலில் கொதிகலனும் குழாய்களும் பழுது பார்க்கப்பட்டிருக்க வேண்டும். மார்ச்சில் கூழ் அடைக்கும் டிரம்களுக்கும் பைகளுக்கும் ஆர்டர் போயிருக்க வேண்டும். பூக்கும் காலத்திலேயே தோட்டம் தோட்டமாகச் சென்று பிஞ்சுப் பிடிப்பைப் பார்த்து, அந்த ஆண்டின் வரத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும். மா ஓர் ஆண்டு மிகுதியாகவும் அடுத்த ஆண்டு குறைவாகவும் காய்க்கும் இயல்புள்ள மரம் என்பதால் இந்த மதிப்பீட்டைத் தவிர்க்கவே முடியாது. பணம் ஜூனில் தேவைப்படும், ஆகவே வங்கியில் கடன் வரம்பை உயர்த்தும் பேச்சு ஜனவரியில் தொடங்க வேண்டும். பழ லாரி வாசலில் நிற்கும்போது வங்கி மேலாளரைப் பார்க்கப் போகிறவர், ஓட்டம் தொடங்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு காலணிக்கு நாடா கட்டுகிறார்.

பெரும்பாலோர் தவறவிடுவது போட்டிக்கு முந்தைய தளர்வுக் காலத்தைத்தான். தேர்ந்த ஓட்டக்காரர்கள் கடைசி இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். புதிய காலணியோ, புதிய உணவோ, புதிய முறையோ எதையும் அப்போது தொடுவதில்லை. தொழிலில் நாம் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பில் போடும் மென்பொருளை மாற்றுகிற துணிக்கடைகளைப் பார்க்கலாம். பழ வரத்து தொடங்கும் வாரத்தில் புதிய கணக்குப்பிள்ளையை அமர்த்துகிறவர்களும் உண்டு. சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு புதிய இயந்திரம், புதிய சரக்குக்காரர், புதிய கணக்கு முறை எதுவும் நுழையக்கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. முதலாளிக்கே அந்த விதி முதலில் பொருந்தும்.

தொழிலில் பயிற்சி செய்வது எப்படி

அன்றாட வேலையைப் பல ஆண்டுகள் செய்வதைப் பயிற்சி என்று எண்ணுவது பரவலான மயக்கம். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் வண்டி ஓட்டுபவர் பந்தய ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை. பயிற்சி என்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: ஒரே ஒரு திறனை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும், அளக்க வேண்டும், இன்னொருவரின் கண் அதன் மேல் இருக்க வேண்டும், தவறு அப்போதே திருத்தப்பட வேண்டும், திருத்திய பிறகு அதே செயலை மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிறு பட்டறைகளில் ஒரு வேலையை முடித்து அடுத்த வேலைக்கு சி.என்.சி. லேத்தை, அதாவது கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரத்தை, மாற்றி அமைக்கும் 'செட்டிங்' நேரத்தை எடுத்துக்கொள்வோம். அருகில் நின்று நிமிடக் கணக்கை எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆபரேட்டர், கடைய வேண்டிய பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளைக் கழற்ற ஆலன் சாவியைத் தேடிப் பட்டறையின் மறுமுனைக்குப் போகிறார். திரும்பி வந்து கழற்றிய பிறகு, மாட்ட வேண்டிய தாடை அலமாரியின் அடித்தட்டில் கிடப்பது தெரிகிறது. வெட்டும் முனையான இன்செர்ட் தீர்ந்திருப்பதைக் கண்டு ஸ்டோர் சாவி வைத்திருப்பவரைக் கூப்பிடுகிறார். மைக்ரோமீட்டர் பக்கத்து இயந்திரத்தில் இருக்கிறது. முதல் பீஸை அளந்து சரிபார்க்க வேண்டியவர் தேநீருக்குப் போயிருக்கிறார். இயந்திரம் நின்ற நேரத்தில் கை உண்மையில் வேலை செய்தது சிறுபகுதி, மீதி நடையும் காத்திருப்பும். ஆபரேட்டரைத் திட்டுவதால் இதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

ஒரு சனிக்கிழமை மாலை, ஷிஃப்ட் முடிந்த பிறகு, ஓவர்டைம் கூலி கொடுத்து, அதே மாற்றத்தை மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். முதல் முறை எதையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, தேவையான கருவிகள் அனைத்தையும் முன்னதாகவே ஒரு தள்ளுவண்டியில் வரிசைப்படுத்தி இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்றாம் முறை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடக்கூடியவற்றை முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டு, நின்ற பிறகுதான் செய்ய முடிந்தவற்றை மட்டும் பின்னால் வையுங்கள். வேகமாகச் செய் என்ற சொல் ஆபரேட்டர் காதில் விழவே கூடாது. அவசரப்பட்டால் தாடை சரியாக உட்காராமல் முதல் பீஸே கழிவாகும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ இந்த வழியில்தான் உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ் இயந்திரங்களில் டை எனப்படும் வார்ப்பை மாற்றும் வேலையைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டினார். அதில் முக்கியமானது எது வெளியில் செய்யத்தக்கது, எது உள்ளே செய்யத்தக்கது என்று பிரித்ததுதான்.

இயந்திரம் இல்லாத தொழில்களில் பயிற்சிக்கு உரிய திறன் பெரும்பாலும் பேச்சாக இருக்கும். நம் வட்டாரத்தில் பாக்கி கேட்பதில் தடுமாறாத சிறு வியாபாரி அரிது. சரக்கைக் கொடுத்துவிட்டுத் தாமே கடன் வாங்கியவர் போலத் தயங்குவார்கள். “அண்ணா, பழைய பாக்கி கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்ற வேண்டுகோளுக்கு “பாக்கலாம் தம்பி” என்ற பதில்தான் வரும், அதற்கு மேல் பேச இடமிருக்காது. “அண்ணா, மே 12-ஆம் தேதி பில்லு 38,400 ரூபாய் நிக்குது. இந்த வெள்ளிக்கிழமை பாதி, அடுத்த வெள்ளிக்கிழமை மீதி போட்டுடறீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாய் திறக்காமல் இருப்பது வேறு வகை. இதில் மரியாதை குறையவில்லை, தேதியும் தொகையும் கூடியிருக்கின்றன. இதைக் கடைக்காரரிடம் முதன்முறையாகச் சோதிக்காமல், வீட்டில் தம்பியையோ மனைவியையோ எதிரில் உட்காரவைத்து, அவர்கள் வழக்கமான சாக்குகளைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் தானாக வரும் வரை சொல்லிப் பழக வேண்டும். முதலில் சிரிப்பு வரும். நான்கைந்து முறைக்குப் பிறகு சிரிப்பு நின்று குரல் சமநிலைக்கு வந்துவிடும்.

காற்றைக் கழித்துப் பார்த்தல்

தடகளத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், அந்த நேரமோ தூரமோ சாதனையாக ஏற்கப்படாது. வெற்றி வெற்றிதான், பதக்கமும் உண்டு. ஆனால் ஏட்டில் காற்றின் அளவு பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வீரர் தம் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று ஏமாறாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

நம் கணக்குப் புத்தகங்களில் காற்றுக்கென்று ஒரு பத்தி இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் செடியிலேயே விட்டுவிடும் நாட்களையும் பாலக்கோடு, ராயக்கோட்டை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். இரண்டு சமயத்திலும் உழைப்பு ஒன்றுதான். விலை நம் கையில் இல்லை என்று வாயால் எல்லோரும் சொல்கிறோம். கணக்கில் மட்டும் அதைப் பிரித்து எழுதுவதில்லை.

புளி வியாபாரத்தை வைத்து இதைச் செய்து காட்டலாம். மாசி, பங்குனியில் புளி வாங்கி, உடைத்துக் கொட்டை நீக்கி, குளிர்பதனக் கிடங்கில் வைத்துப் பின்னால் விற்கும் ஒருவருக்கு, கொட்டை நீக்கிய புளி கிலோவுக்குக் கொள்முதலும் கூலியும் சேர்ந்து 115 ரூபாய் அடக்கமானது என்று வைத்துக்கொள்வோம். கிடங்கு வாடகையும் வட்டியும் 10 ரூபாய். விற்றது 150 ரூபாய்க்கு. லாபம் 25 ரூபாய் என்று அவர் மகிழ்கிறார். அவர் வாங்கிய அதே மாதத்தில் கொட்டை நீக்கிய புளி சந்தையில் 120 ரூபாய்க்கு விற்றதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அவருடைய கொள்முதல் திறனும் தரம் பிரித்த திறனும் ஈட்டியது 5 ரூபாய்தான். 120 ரூபாயிலிருந்து 150-க்குப் போன 30 ரூபாய் விலையேற்றத்தால் வந்தது. அதிலிருந்து காத்திருந்த செலவான 10 ரூபாயைக் கழித்தால் 20 ரூபாய் காற்றின் பரிசு. அதைப் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் அந்த 20 ரூபாயைத் தம் திறமை என்று நம்பி, அடுத்த ஆண்டு வீட்டுப் பத்திரத்தை அடகுவைத்து இருமடங்கு சரக்கு எடுப்பவரைக் காற்று திரும்பி வீசும் ஆண்டில் யாராலும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் லாபத்தை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதி, அந்த 5 ரூபாயை 8 ஆக்குவது எப்படி என்பதை மட்டும் அடுத்த ஆண்டின் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும். கழிவைக் குறைப்பது, கொட்டையைத் தனியாக விற்பது, ஈரம் மிகுந்த சரக்கை வாங்கும்போதே ஒதுக்குவது என்று அந்த 3 ரூபாய்க்கான வழிகள் எல்லாம் நம் கைக்குள் இருப்பவை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் கூடு கொண்டுவருபவருக்கும் இதுவே பொருந்தும். அன்றைய சந்தை விலை உயர்ந்திருக்கலாம், சரிந்திருக்கலாம். அன்று ஏலம் போன மற்ற குவியல்களுக்குக் கிடைத்த விலையோடு ஒப்பிட்டுத் தம் கூடு எத்தனை ரூபாய் மேலே, எத்தனை ரூபாய் கீழே நின்றது என்பதை அவர் குறித்துவைத்தால், அதுதான் அவருடைய வளர்ப்பின் உண்மையான மதிப்பெண்.

அன்றாடக் குறிப்பேடு குறித்தும் இங்கேயே சொல்லிவிடலாம். நெடுந்தொலைவு ஓடுபவர்கள் காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பையும் தூங்கிய நேரத்தையும் எழுதுகிறார்கள். துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் உடல் இன்னும் மீளவில்லை என்று அன்றைய பயிற்சியைக் குறைப்பவர்களும் உண்டு. தொழிலுக்கு நான்கு எண்கள் போதும்: கையிருப்பு ரொக்கம், முப்பது நாளைக் கடந்த பாக்கி, திரும்பி வந்த சரக்கு, சொன்ன நேரத்துக்குப் போகாத ஆர்டர். கையால் எழுதுங்கள். எண்களின் பட்டியல் நீண்டால் ஒரு மாதத்துக்கு மேல் யாரும் எழுதுவதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்த செய்தி.

எந்த உயரத்தை விட்டுவிடுவது

பக்கத்து சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டருக்கு வெள்ளியும், 2024 பாரீஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலமும் வென்றவர். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து மேடை ஏறியது அவருடைய விளையாட்டின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இன்னும் வியப்பாக இருக்கும். உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று முறை கம்பைத் தட்டினால் வெளியேற வேண்டியதுதான்; ஆனால் எந்த உயரத்தில் தொடங்குவது என்பதும், இடையில் எந்த உயரத்தைத் தாண்டாமல் விட்டு அடுத்த உயரத்துக்குக் காத்திருப்பது என்பதும் வீரரின் விருப்பம். கால் வலுவை எங்கே செலவிடுவது என்ற கணக்கு அது.

வருகிற ஆர்டர் அனைத்தையும் எடுத்தாக வேண்டும் என்ற பதற்றம் உள்ளவர்களுக்கு இந்த விதியை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆர்டரை ஏற்கும் முன்பு, அது தவறினால் ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் யாருக்காவது சரக்கு தாமதமாகுமா என்று பாருங்கள். பணம் மூன்று மாதம் வராமல் போனாலும் கூலியும் மின் கட்டணமும் கட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றுக்கு விடை பாதகமாக இருந்தாலும் அந்த உயரத்தை விட்டுவிடுவதே சரி. மறுக்கும்போது காரணத்தை நேராகச் சொல்லி, எந்த மாதத்திலிருந்து செய்ய முடியும் என்பதையும் எழுதிக் கொடுத்தால் உறவு அறுந்துவிடுவதில்லை. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினர், முடியாது என்றவரைவிட முடியும் என்று ஒப்புக்கொண்டு கடைசி வாரத்தில் போனை எடுக்காதவரைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

விட்டுவிட்டுக் காத்திருப்பவர் ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் 2020-இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முதலில் தேர்வானது வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான். மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட, அதே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரு பெரிய தொழிற்சாலைக்கு உதிரி பாகம் கொடுக்கும் முதல் நிலை சப்ளையர் ஏதோ ஒரு காரணத்தால் தடுமாறும் வாரம் என்றாவது வரும். அந்த வாரத்தில் மாதிரி பீஸ், அளவீட்டு அறிக்கை, விலைப்பட்டியல், குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பக்கூடிய இரண்டாமவருக்குத்தான் அழைப்பு போகும்.

விதிப்புத்தகம்

பாரீஸ் ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தம் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரை சென்ற வினேஷ் போகத், போட்டி நாள் காலை எடைபார்ப்பில் ஏறத்தாழ 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவர் வென்ற ஆட்டங்கள் அந்த நூறு கிராமின் முன் நிற்கவில்லை. விதி நியாயமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அளவுகோல் வைத்திருப்பவர் அதை நம் உழைப்பைப் பார்த்துத் தளர்த்துவதில்லை என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. கிளிமூக்கு மாங்கூழுக்கு ஏற்றுமதியாளர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 14 பிரிக்ஸ் இனிப்பு அளவு. 13.6 காட்டும் கூழைச் சுவைத்துப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று வாதிடுவதால் பயனில்லை. பழத்தைத் தொட்டியில் கொட்டும் முன்பே, லாரிக்கு லாரி சில பழங்களை எடுத்துச் சாறு பிழிந்து, இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த வாதமே எழாது.

விதிகள் நமக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டவையும் அல்ல. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குபவருக்கும், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. தொண்ணூறு நாள் என்று வாங்குபவர் அச்சடித்துக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடுபவர்களில் பலர் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. வழக்கு தொடுப்பது கடைசி வழி. ஆனால் விலை பேசும்போது சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவரின் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

தோற்ற மறுநாளும், உவமை நிற்கும் இடமும்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இழப்புக்குப் பிறகு செய்ய வேண்டியது குறித்து இரண்டு நடைமுறைக் குறிப்புகள் மட்டும் போதும். ஆர்டர் கைவிட்டுப் போன இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், யாரையும் போனில் அழைத்துக் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததைத் தேதி வரிசையில் எழுதி, எந்த நாளில் எதைச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று ஒரே ஓர் இடத்தில் கோடிடுங்கள். ஆளின் பெயரில் கோடு விழுந்தால் மீண்டும் எழுதுங்கள். செயலில்தான் விழ வேண்டும்.

விளையாட்டுக்கும் வணிகத்துக்கும் உள்ள ஒப்புமையை எல்லை கடந்து இழுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். களத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாக வேண்டும். சந்தையில் அப்படி இல்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே பொருளை விற்கும் பல கடைகள் வரிசையாக இருப்பதால்தான் அந்தப் பொருளைத் தேடிக் கூட்டம் வருகிறது. இன்று போட்டியாளராக இருப்பவர் நாளை நம்மிடம் ஜாப் ஒர்க் கொடுப்பவராகலாம், அவருடைய மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் நமக்கும் பந்தி இருக்கும். விளையாட்டில் நடுவர் ஊதினால் ஆட்டம் முடிந்தது. கடன், தொழிலாளர், குடும்பம் ஆகியவற்றுக்கு அந்த ஊதல் கிடையாது. எதிராளியை வீழ்த்தும் வெறி என்ற ஒன்றை மட்டும் களத்திலேயே விட்டுவிட்டு வருவது நம் ஊர் அளவிலான தொழிலுக்கு நல்லது.

ஓய்வு, வெளிக் கண்

மிகச் சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் தம் பயிற்சியில் பெரும்பகுதியை எளிய வேகத்தில்தான் ஓடுகிறார்கள். கடுமையான ஓட்டம் வாரத்தில் சில நாட்களுக்கு மட்டுமே. உடல் வலுப்பெறுவது ஓய்வில்தான் என்பது அவர்களுக்குப் பாடம். சீசனில் பதினாறு மணி நேரம் உழைப்பது தவிர்க்க முடியாதது என்றால், ஆகஸ்டில் அதை ஈடுகட்டுவதும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாளிக்கு மட்டும் ஓய்வு எழுதி, வெட்டுமேடையில் நின்றபடியே மாம்பழம் அறுத்த பெண்களுக்கு எழுதாத திட்டம் அரைகுறையானது. அடுத்த ஆண்டு அவர்கள் வேறு ஆலைக்குப் போயிருப்பார்கள்.

பயிற்சியாளர் என்பவர் ஓடத் தேவையில்லை, ஓடுபவரால் பார்க்க முடியாததைப் பார்த்தால் போதும். நம் தொழிலுக்கு அப்படியொரு கண்ணை அமர்த்தப் பெரிய கட்டணம் தேவையில்லை. வேறு தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரை மாதம் ஒரு முறை உட்காரவைத்து அந்த நான்கு எண்களின் பக்கத்தைக் காட்டி, கேள்வி மட்டும் கேட்கச் சொல்லலாம்; அறிவுரை சொல்லத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பாமல், அதே தொழிலில் முன்பு கடன் பெற்றவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்றும் கேளுங்கள். விளைபொருள் சார்ந்த தொழில் செய்பவர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்துக்கும் போவதானால் சீசன் முடிந்து கணக்கு பார்த்த கையோடு போவது நல்லது. பழ வரத்தின் நடுவே போனால், கேட்டதற்குப் பதில் கிடைத்தாலும் அதைச் சிறிய அளவில் செய்துபார்க்க அந்த ஆண்டில் நாள் மிச்சம் இருக்காது.